சங்கம்மா கதைப்பாடலும் அதன் திரை, ராப் வடிவங்களும்

குண்டலுபேட்டை உள்ளிட்ட சாமராசநகர் வட்டாரத்தில் (1997 வரை மைசூர் மாவட்டம்) தீட்சை பெற்ற தேவரகுட்டர்கள், கம்சாளே என்னும் வெண்கலத் தாளம் இசைத்து மலை மாதேசுவரர் காவியத்தைப் பாடிவருகின்றனர். அதில் சங்கம்மா கதை தனிச்சிறப்புடையது. காடேகும் கணவன் கேட்ட கற்புச் சத்தியத்தைத் தர மறுத்துத் துன்புறும் அவள் வாயிலில், மாதேசுவரர் இரவலராக வந்து நிற்கிறார். 'கோலுமண்டெ' பாடலின் இரத்தல் இம்மறுப்பின் பின்னணியிலேயே பொருள்பெறுகிறது.

'ஜனுமத ஜோடி' (1996) திரைப்படம் கதையை விடுத்துப் பாடலை மட்டும் பெயர்த்தெடுத்தது. திரையிசையாக மெட்டு பரவியது, மறுப்பு பரவவில்லை. 2020இல் வெளிவந்த ராப் காணொளி, சங்கம்மாவைச் சித்திரித்த முறைக்காகப் பக்தர்களின் எதிர்ப்புக்குள்ளாகி நீக்கப்பட்டது. எதிர்ப்பு நியாயமானதே. ஆயினும் அது காட்சியின் கண்ணியத்தோடு நின்றுவிட்டது. சத்தியம் செய்ய மறுத்தவளின் குரலோ 24 ஆண்டுகளுக்கு முன்பே அப்பாடலைவிட்டு நீங்கியிருந்தது.