மூடும் வண்ணம்

பாடல் ஒன்றைத் திறனாயும்போது சொல், பொருள், அணி, யாப்பு என்று பகுத்து நோக்கும் நாம், ஓவியம் ஒன்றின் முன் நின்றால் ‘அழகாயிருக்கின்றது’ என்னும் ஒரு சொல்லோடு அமைந்துவிடுகின்றோம். ஓவியன் எதைக்கொண்டு வரைந்தான் என்று கேட்பதுமில்லை. யாப்பறியாமல் வெண்பாவை மதிப்பிடப் புகுவதற்கும் இதற்கும் வேறுபாடு மிகுதியில்லை. சிதைந்த பழங்கட்டடம், கடற்கரை, வானூர்தி ஆகிய மூன்றும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கிலாந்தின் ஓவியர்களை ஒருங்கே ஈர்த்த பொருள்கள். அவற்றைத் தீட்டிய நால்வரை, வண்ணத்தின் இயல்பை வழிகாட்டியாகக் கொண்டு ஈண்டு நோக்குவோம்.

‘கூவாஷ்’ என்பதும் நீரில் கரையும் வண்ணமே. வழக்கமான நீர்வண்ணத்திற்குப் போலவே இதற்கும் வேலம்பிசின்தான் பிணைப்பு. ஆயின், இதில் நிறப்பொடி மிகுதி. சிலவற்றில் சுண்ணத்தூளும் சேரும். ஆதலின் ஒளி இதனூடே புகாது. பள்ளி மாணவர் கையாளும் போஸ்டர் வண்ணம் இதற்கு நெருங்கிய உறவு. மொகலாயச் சிற்றோவியங்களும், தஞ்சையில் ஆங்கிலேயருக்காக வரையப்பெற்ற தாளோவியங்களும் ஒளிபுகா நீர்வண்ணத்தால் ஆனவையே. எனவே, பெயர்தான் நமக்குப் புதிது.

நீர்வண்ண ஓவியன் ஒளி வேண்டுமிடத்தில் தாளின் வெண்மையைத் தொடாது விடுகின்றான். கூவாஷ் ஓவியனோ கருமையை முதலில் பூசி, ஒளியைப் பின்னர் அதன்மேல் வைக்க வல்லவன். முன்னவனுடைய ஒளி விட்டுவைத்தது. பின்னவனுடைய ஒளி இட்டது. இடப்படும் ஒவ்வோர் ஒளியும் கீழேயுள்ள ஒன்றை மூடுகின்றது. ஆனால், இவ்வண்ணம் காய்ந்த பின்னும் நீருக்கு இளகும். ஈரத்தூரிகையை அழுத்தித் தேய்த்தால் அடியிலுள்ள நிறம் கரைந்து மேலே வந்துவிடும். மூடியது மீண்டும் தலைகாட்டும் என்னும் இவ்வியல்பை நினைவிற்கொள்க.

எரிக் ரவிலியஸ், கிரகாம் சதர்லண்டு, ஜான் பைப்பர் ஆகிய மூவரும் 1903ஆம் ஆண்டிலேயே பிறந்தவர்கள். பால் நேஷ் மூத்தவர்; 1889இல் பிறந்தவர். கென்னத் கிளார்க் தலைமையில் 1939இல் அமைந்த போர் ஓவியர் ஆலோசனைக் குழுவின் வழியாக நால்வரும் போரை வரையும் பணியேற்றனர்.

ரவிலியஸ் கூவாஷின் எதிர்ப்புறத்தில் நிற்பவர். அவருடைய நீர்வண்ணம் ஒளிபுகுவது. வறண்ட தூரிகையால் மெல்லிய கீற்றுகளை அடுக்கி, கீற்றுகளுக்கிடையே தாளின் வெண்மை மின்னுமாறு விடுவார். இங்கிலாந்தின் தென்கரைச் சுண்ணப்பாறைகளை வரைந்து பழகிய கை அது. 1941இல் ஸ்காட்லாந்தின் டன்டீ நகரில் வால்ரஸ் என்னும் கடல் வானூர்திகளை வரைந்தபோதும் அந்தக் கை மாறவில்லை. போர் அங்கே தூய்மையான காலைப்பொழுது போல் தோன்றுகின்றது, குருதியில்லை, புகையில்லை. இதனைக் குறையெனக் கூறுவோர் உளர். நான் முழுவதும் உடன்படுகிலேன். அவர் ஓவியங்களில் எதுவும் மூடப்படவில்லை. வெறுமை வெறுமையாகவே விடப்பட்டுள்ளது. 1942 செப்டம்பர் 2ஆம் நாள், ஐஸ்லாந்தில் காணாமற்போன வானூர்தியொன்றைத் தேடிப் புறப்பட்ட மற்றொரு வானூர்தியில் அவரும் சென்றார். அதுவும் திரும்பவில்லை. அப்போது அவருக்கு வயது 39.

இடிபாடுகளுக்கு வருவோம். பாழடைந்த மடங்களை வரைவது இங்கிலாந்தில் பழைய மரபு. 1131இல் நிறுவப்பெற்ற டின்டர்ன் மடம் 1536இல் மூடப்பட்டது. கூரை போய்க் கொடி படர்ந்த பின்னர், 1790களில் டர்னர் அதனை வரைந்தார். அங்குப் பாழாக்கியது காலம். பார்ப்பவன் பெருமூச்செறியலாம், குற்றவுணர்வு வேண்டுவதில்லை. கவென்ட்ரி நகரத்துப் பேராலயமோ 1940 நவம்பர் 14ஆம் நாள் இரவு ஒன்றிலேயே பாழாயிற்று. அத்தாக்குதலில் அந்நகரில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நூற்றாண்டுகளின் சிதைவுக்கென்று பழகிய கண், நேற்றைய சிதைவை எங்ஙனம் காண்பது?

மறுநாள் அங்குச் சென்ற பைப்பருக்கு இவ்வினா நேர்ப்பட்டது. மாண்டோரைத் தேடிக்கொண்டிருந்த மக்களிடையே வரைபலகையை விரிக்க அவர் கூசினார். பேராலயத்தை நோக்கியிருந்த ஒரு வழக்கறிஞர் அலுவலகத்துள் புகுந்து, சாளரத்தருகே அமர்ந்து வரைந்தார். அதிலிருந்து பிறந்த ஓவியங்களில் கூரையற்ற சுவர்கள் நிற்கின்றன. தீயின் நிறங்கள் இன்னும் அணையாதன போல் ஒளிர்கின்றன. அவை எண்ணெய் வண்ணத்தால் ஆனவை. எனினும், கருமையின்மேல் ஒளியை வைக்கும் முறை கூவாஷ் முறையே. மனிதர் எவருமில்லை. தெருவில் வரையக் கூசிய கூச்சமே ஓவியத்திலும் மனிதரை அகற்றியது எனலாம். அஃது அறமுடைமைதான். ஆயினும் விளைவு ஒன்று உண்டு: மனிதரை நீக்கியவுடன் கவென்ட்ரி, டின்டர்னுக்கு அண்டையூராகிவிடுகின்றது. பைப்பரின் சுவர்கள் அழகானவை. அவ்வழகுதான் என்னை உறுத்துகின்றது.

சதர்லண்டு இந்தக் கண்ணியைத் தாண்டியவர் என்பது என் கருத்து. 1941இல் இலண்டன் மாநகரின் வணிகப் பகுதியிலும், ஏழைகள் நெருங்கி வாழ்ந்த கிழக்குப் பகுதியிலும் அவர் அலைந்து வரைந்தார். ‘பேரழிவு’ என்னும் பொதுத் தலைப்புடைய அத்தொகுதியில் மையும் வண்ணக்கட்டியும் கூவாஷும் கலந்துள்ளன. ஒன்றில், எரிந்த கட்டடத்தின் மின்தூக்கிக் கூண்டு சாய்ந்து கிடக்கின்றது. அது காயம்பட்ட விலங்கை நினைவூட்டியதாக அவரே பின்னாளில் கூறினார். மற்றொன்றில், வரிசை வீடுகள் கூடுகளாக நின்று தொலைவில் ஒடுங்குகின்றன. ஒரே அச்சில் வார்த்த வீடுகள். ஒரே வகையான சாவு. இங்கும் மனிதர் இல்லை. ஆனால், சாளரத் துளைகள் வெறித்த கண்களாகின்றன. இட்ட ஒளி கருமையை முற்றிலும் மூடவில்லை. மையின் கீறல்கள் வண்ணத்தைக் கிழித்துக்கொண்டு வெளிப்படுகின்றன. மூடுவதற்கென்றே அமைந்த வண்ணத்தை மூடாதவாறு கையாண்டதில்தான் அவருடைய பெருமை உள்ளது. இப்படங்களின் முன் பெருமூச்சு எழுவதில்லை; மூச்சு முட்டுகின்றது.

பால் நேஷ் நம் மூன்று பொருள்களையும் ஒன்றாக்கியவர். முதல் உலகப் போரின் களங்களைக் கண்டு நொந்து திரும்பிய அவர், 1920களின் தொடக்கத்தில் டிம்சர்ச் என்னும் கடற்கரையூரில் வாழ்ந்தார். அங்குக் கண்ட கடலை வைத்து 1925இல் தொடங்கி 1937இல் முடித்த ‘குளிர்காலக் கடல்’ என்னும் ஓவியத்தில் அலைகள் நீராக இல்லை. மடித்த தகடுகள் போல் விறைத்து நிற்கின்றன. 1940இல் வானூர்தி அமைச்சுக்கு ஓவியராக அமர்ந்தபோது, ஈளை நோயால் அவர் பறக்க இயலாதவர். எனவே வீழ்ந்தவற்றையே தேடிச் சென்றார். பயிரிடையேயும் பூங்காவிலும் கிடந்த பகைவர் வானூர்திகளை நீர்வண்ணத்தில் தீட்டினார். ஆணிகூடத் தப்பாத வானூர்திப் படங்களையும் வீரர் உருவங்களையும் எதிர்பார்த்த அமைச்சு, அவரை நெடுநாள் வைத்துக்கொள்ளவில்லை. ஆணியை எண்ணுபவருக்கு ஓவியர் எதற்கு?

ஆக்ஸ்போர்டை அடுத்த கௌலி என்னுமிடத்தில் உடைந்த வானூர்திகள் குவிக்கப்பட்டிருந்தன. நேஷ் அவற்றை ஒளிப்படமெடுத்து, 1940–41இல் ‘டோட்டஸ் மீர்’ என்னும் பெரிய எண்ணெய் ஓவியத்தை உருவாக்கினார். அச்செருமானியத் தொடருக்குச் ‘செத்த கடல்’ என்பது பொருள். நிலவொளியில் இறக்கைகளும் உடற்பகுதிகளும் அலையலையாக எழுந்து கரையை நோக்கி வந்து உறைகின்றன. முன்பு நீரைத் தகடாகக் கண்டவர், இங்கே தகட்டை நீராகக் காண்கின்றார். இடிபாடும் கடலும் வானூர்தியும் இங்கே வேறுவேறல்ல.

இவ்வளவும் வியந்த பின், மூடியது எது என்று கேட்டாக வேண்டும். இவ்வோவியத்தை அஞ்சலட்டையாக அச்சிட்டுச் செருமனியின் மீது வீசலாம் என்று நேஷ் கருதினார். அவரளவில் அது பகைவனை நோக்கிய ஏளனம். கௌலிக் குவியலில் பிரித்தானிய வானூர்திகளின் உடைசல்களும் கிடந்தன. ஓவியத்திலோ பகைவரின் சின்னங்களே தென்படுகின்றன. தன்னாட்டவர் இறந்த இறக்கைகளை அவர் விட்டுவிட்டார். ஆயினும், அந்த ஏளனத்தை ஓவியத்தில் தேடினால் எனக்குக் கிடைக்கவில்லை. இறக்கையில் உள்ள குறியை மறைத்துவிட்டுப் பார்ப்பின், அக்கடல் எந்நாட்டவருக்கும் உரியதாகிவிடுகின்றது. ஈரம்பட்ட கூவாஷில் அடிநிறம் மேலெழுவது போல, விடப்பட்டவை தாமே வந்து சேர்ந்துகொள்கின்றன.

அந்த இரவில் உயிரோடு அசைவது ஒன்றுதான். வலப்புறத்தில், உறைந்த அலைகளுக்கு மேலே, வெள்ளை ஆந்தையொன்று தாழப் பறந்து செல்கின்றது. இருட்டின்மேல் இடப்பட்ட ஒரு சிறு வெண்தீற்றல்.