தஞ்சாவூர் எத்தனை பைட்?

பழைய டாஸில் ஃபைலுக்குப் பெயர் வைக்க எட்டே எழுத்து. தஞ்சாவூரை ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்பது. கடைசி எழுத்து வெட்டு. வெள்ளைக்காரன் வைத்த 'டான்ஜோர்' ஏழுதான், சமர்த்தாக உட்கார்ந்துவிடும்!

1995-ல் விண்டோஸ் 255 வரை அனுமதித்தது. கூடவே ஒரு கொக்கி. ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று போகும் முழு விலாசமும் 260-க்குள் அடங்கவேண்டும். 2016-ல் விண்டோஸ் 10 இதைத் தளர்த்தியது. ஆனால், சாஃப்ட்வேரும் ஒத்துழைக்கவேண்டும்.

லினக்ஸின் வழக்கமான அமைப்பிலும் அதே 255தான். ஆனால், அது பைட் கணக்கு. யூனிகோடு தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட். புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனிக் குறியீடு. கண்ணுக்கு ஐந்தெழுத்தான 'தஞ்சாவூர்' 27 பைட் தின்கிறது. விண்டோஸில் 85 குறியீட்டைத் தாண்டி நீங்கள் வைத்த தமிழ்ப் பெயரை லினக்ஸ் வாங்கிக்கொள்ளாது. ஆயிரம் ஃபைலைக் காப்பி செய்யும்போது ஒன்று விடுபட்டால் யார் கவனிப்பார்கள்? அது செல்லரித்துப்போன ஒரு சுவடியின் ஒரே படமாக இருந்தால்?

இது ஆங்கிலத்தை மட்டும் நினைத்து வகுத்த கணக்கு, சந்தேகமில்லை. ஆனால், நம் பேரிலும் தப்பு இருக்கிறது. நூல், ஆசிரியர், தேதி எல்லாவற்றையும் பெயரிலேயே திணிக்கிறோம். தஞ்சை அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு 1880-ல் பர்னல் அட்டவணை வெளியிட்டார். சுவடி அலமாரியில், விவரம் புத்தகத்தில்.

அதையே செய்யுங்கள். ஃபைலுக்குச் சின்னதாக ஓர் எண். மற்றதெல்லாம் தனிப் பட்டியலில்.

நீளப் பெயரெல்லாம் கல்யாணப் பத்திரிகைக்கு இருக்கட்டும்.