ராவுத்தரும் குதிரையும்

உத்தமபாளையத்திலோ கம்பத்திலோ 'ராவுத்தர்' என்று சொன்னால், கேட்பவர் மனத்தில் குதிரை எதுவும் வந்து நிற்பதில்லை. ஒரு கடைக்காரரோ, திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவரோ, தகப்பனாரை 'அத்தா' என்று அழைக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பமோதான் நினைவுக்கு வரும். 1956-ல் உத்தமபாளையத்தில் தோன்றிய கல்லூரியும் கருத்த ராவுத்தர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆனால், அகராதியைப் புரட்டினால் இந்தச் சொல்லுக்குக் 'குதிரை வீரன்' என்றும் பொருள் இருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சொல் பிறந்தபோதும் அதில் குதிரை இல்லை என்பதுதான். அரசன் மகன் என்று பொருள்படும் 'ராஜபுத்ர' என்ற வடசொல் பிராகிருதத்தில் தேய்ந்து, மராத்தி, கன்னடம், தெலுங்கு என்று வழிநெடுக உருமாறித் தெற்கே வந்தது. அரச குலத்தான் குதிரையேறிப் போர் செய்பவன். நாளடைவில் குலம் உதிர்ந்து குதிரை ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் குதிரை அருமையான பிராணி. கடல் வழியே ஏராளமான குதிரைகள் பாண்டிய நாட்டில் வந்து இறங்கியதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை மடிந்ததையும் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அத்தகைய நாட்டில், அதை அடக்கி ஏறத் தெரிந்தவனுக்குத் தனிப்பெயர் நிலைத்துவிட்டதில் ஆச்சரியம் இல்லை.

15-ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் கந்தரலங்காரத்தில் முருகனையே ராவுத்தன் என்று அழைக்கிறார். முருகன் ஏறுவதோ மயில். இந்த இடத்தில் 'வீரனே' என்று உரை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அதில் பிழை இல்லை. ஆனால், கவிதை போய்விடுகிறது. தெருவிலே புழுதி பறக்கப் போகும் குதிரைக்காரனைக் கண்ட ஜனங்களுக்கு, அவன் மிடுக்கையெல்லாம் தெய்வத்துக்குக் கொடுத்து, வாகனத்தை மட்டும் மாற்றிக் காட்டுகிறார் கவி. 'வீரன்' என்ற பொதுச்சொல்லில் அந்தக் காட்சி இல்லை.

முருகன் பாட்டில் இந்தச் சொல் வருவது சிலருக்குச் சங்கடமாகவும் இருக்கலாம். அவர்கள் திரௌபதி அம்மன் கோயில்களைப் பார்க்க வேண்டும். அங்கே முத்தால ராவுத்தர் முஸ்லிம் வீரராகவே காவல் நிற்கிறார், வழிபாடும் பெறுகிறார். பாமர மக்களுக்கு இல்லாத சங்கடம் படித்தவர்களுக்கு எதற்கு?

'சவாரி'யும் இப்படித்தான். குதிரையேற்றத்தைக் குறித்த பாரசீகச் சொல், இன்று ஆட்டோக்காரர் தேடும் வாடகையாகிவிட்டது. யாரும் வருந்துவதில்லை. ராவுத்தர் என்ற சொல்லிலும் குதிரை போய்விட்டது, போகட்டும். ஆனால், ஒரு சொல்லைத் தெய்வத்துக்கும் காவல்காரருக்கும் அண்டை வீட்டாருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டிருந்த மனசு பெரிது. உரைகாரர்கள் அந்த இடத்தில் ஒரு வரி கூடுதலாக எழுதினால் போதும்.