கூலரை மாற்றினால் சூடு போய்விடுமா?

2012 ஏப்ரலில் இன்டெல் ஐவி பிரிட்ஜ் ப்ராசஸர்களை வெளியிட்டபோது ப்ராசஸரை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டிப் பார்க்கும் ஓவர்கிளாக் பிரியர்கள் குழம்பிப் போனார்கள். முந்தைய ஆண்டின் ஐ7-2600கே 95 வாட் ரகம். புதிய ஐ7-3770கே வெறும் 77 வாட். ஆனால் வேகத்தைக் கூட்டியதும், மின்சாரம் குறைவாகக் குடிக்கும் புதிய சில்லுதான் அதிகமாகக் கொதித்தது. வழக்கமான வைத்தியம் தொடங்கியது: கூலருக்கும் மூடிக்கும் இடையிலுள்ள தெர்மல் பேஸ்டைத் துடைத்து மறுபடி பூசு, பெரிய கூலர் வாங்கு, போதாவிட்டால் வாட்டர் கூலிங். பெரிய பலன் இல்லை. கடைசியில் சிலர் துணிந்து, ப்ராசஸரின் உலோக மூடியையே பிளேடால் பெயர்த்தார்கள். முந்தைய தலைமுறையில் சில்லும் மூடியும் சால்டரால் இணைந்திருந்தன. இதில் இருந்தது பேஸ்ட். அதை மாற்றி, மூடியின் ஓரத்துப் பசையையும் சுரண்டி இடைவெளியைக் குறைத்தவர்களுக்கு 10 முதல் 20 டிகிரி வரை இறங்கியது. சில்லு சிறுத்துப்போய், சூடு முழுவதும் குறுகிய பரப்பில் திரண்டதும் ஒரு காரணம். அதற்கு வீட்டில் மருந்து கிடையாது.

வீட்டில் அசெம்பிள் செய்த கணினியின் சூட்டுக்குக் காரணம் தேடும் இந்தக் கலையை மதிக்கத்தான் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அளந்து பார்க்கிற ஒழுக்கம் அதில் இருக்கிறது. தேர்ந்தவர்கள் எண்ணைவிட எண் ஏறும் விதத்தைக் கவனிப்பார்கள். லோடு கொடுத்த ஓரிரு நொடியில் 90ஐத் தொட்டால் ஒரு கதை; 15, 20 நிமிடம் மெல்ல ஏறிக்கொண்டே போனால் வேறு கதை. இரண்டாவது பெரும்பாலும் கேபினெட்டின் காற்றோட்டக் கோளாறு. பக்கத் தகட்டைக் கழற்றினால் வெட்டவெளிச்சமாகிவிடும். முதல் வகையில் ஹீட்சிங்கைத் தொட்டுப் பார்க்க வேண்டும். திரையில் 95 டிகிரி, கைக்கு வெதுவெதுப்பு என்றால் சூடு கூலருக்கு வந்தே சேரவில்லை. திருகு ஒரு பக்கம் சரியாக இறங்கியிருக்காது, பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது கூலரின் அடியில் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளை உரிக்கவே மறந்திருப்பார்கள். (சிரிக்க வேண்டாம், இது நிறையவே நடக்கிறது.)

இவ்வளவு நுட்பமான முறை, சூடு எப்படி வெளியேறுகிறது என்பதிலேயே கண்ணாக இருக்கிறது. எங்கே பிறக்கிறது என்று கேட்பதில்லை. ப்ராசஸர் இயங்கும்போது செலவாகும் மின்திறன் வேகத்தின் நேர்விகிதத்திலும், வோல்டேஜின் இருமடி விகிதத்திலும் கூடுகிறது. 3.9 கிகாஹெர்ட்ஸை 4.6 ஆக்க வோல்டேஜை 1.20இலிருந்து 1.35க்கு ஏற்றினால், வேகம் 18 சதவீதம் கூடுகிறது, சூடு கிட்டத்தட்ட 50 சதவீதம். கசிவு மின்னோட்டம் இந்தக் கணக்கில் சேரவில்லை. பல மதர்போர்டுகள் வோல்டேஜை ‘ஆட்டோ’வில் விட்டால் தேவைக்கு மேலேயே கொடுக்கும். இதைப் பயாஸில் பார்க்காமல் ஏழாயிரம் ரூபாய் கூலருக்குச் செலவழிப்பவர்கள் ஏராளம். பழைய அனுபவமும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். 1998இல் செலரான் 300ஏ ப்ராசஸரின் பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றினாலே 450ஐ எட்டியது. அன்று சில்லில் அவ்வளவு மிச்சம் இருந்தது.

எண்களை ஒப்பிடுவதிலும் அலட்சியம் அதிகம். கூலரால் அறையின் காற்றைவிடக் குளிர வைக்க முடியாது. 23 டிகிரி ஆய்வறையில் எடுத்த அளவை, சென்னையில் மே மாதம் 35 டிகிரியில் ஃபேன் மட்டும் சுழலும் அறையோடு ஒப்பிட்டுக் கூலரைக் குறைசொல்வது நியாயமில்லை. பிரைம்95 போன்ற கடும் சோதனை மென்பொருளை ஓட்டும்போது வரும் உச்சத்தைப் பார்த்துப் பதறுவதும் அப்படியே. அன்றாட வேலை எதுவும் சில்லை அந்த அளவுக்குப் பிழியாது.

இதைவிடப் பெரிய கோளாறு, வெப்பநிலையையே ஆபத்தின் அளவுகோலாக எடுத்துக்கொள்வது. 2022இல் வந்த ரைசன் 7000 ப்ராசஸர்கள் கடும் லோடில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. அந்த வரம்புக்குள் எவ்வளவு வேகம் முடியுமோ அவ்வளவையும் தாமே எடுத்துக்கொள்ளும். அங்கே பெரிய கூலர் போட்டால் வேகம் கொஞ்சம் கூடலாம், எண் அதே 95இல் நிற்கலாம். மாறாக, 13, 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் நிலையில்லாமல் தடுமாறியதற்கு மிகையான வோல்டேஜையே முக்கியக் காரணமாக இன்டெல் 2024இல் சொன்னது. ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் வந்தது, உத்தரவாதமும் இரண்டு ஆண்டு நீட்டிக்கப்பட்டது. டிகிரியை மட்டும் கண்காணித்துக்கொண்டிருந்தவருக்கு அந்தச் சேதம் கண்ணில் பட்டிருக்காது.

இன்றைய சில்லுகள் தம்மைத்தாமே ஏறக்குறைய முழுதாக ஓவர்கிளாக் செய்துகொள்வதால், வோல்டேஜைக் கூட்டுவதைவிடக் குறைத்துப் பார்ப்பதில்தான் லாபம் அதிகம் என்பது என் கணிப்பு. அதே வேகத்தில் சூடு இறங்கும். ஆனால் பழைய சோதனை முறை இங்கே முழுதாகக் கைகொடுக்காது. வோல்டேஜ் குறைத்த ரைசன், பிரைம்95ஐ இரவு முழுக்கத் தாங்கிவிட்டு, மறுநாள் பிரவுசர் திறந்து சும்மா கிடக்கும்போது ரீஸ்டார்ட் ஆகலாம். லேசான லோடில்தான் ஓரிரு கோர்கள் உச்ச வேகத்துக்குத் தாவுகின்றன. குறைத்த வோல்டேஜ் போதாமல் போவது பெரும்பாலும் அந்த இடத்தில். ஆகவே ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், பிறகு சில நாள் சாதாரணமாகப் பயன்படுத்தியும் பார்க்க வேண்டும்.