புகையைவிடக் கொடியது அந்த ஒளி

மலேசியக் காற்பந்து ரசிகர்களின் அடாவடியைப் பற்றிப் பேச்செடுத்தால், கிள்ளான் பள்ளத்தாக்கில் பலர் முதலில் நினைவுகூர்வது 2015 செப்டம்பர் 8ஆம் தேதியைத்தான். ஷா ஆலம் அரங்கம், சவூதி அரேபியாவுக்கு எதிரான உலகக் கிண்ணத் தகுதி ஆட்டம். முடிய இன்னும் சில நிமிடங்களே இருந்தபோது கூட்டத்திலிருந்து ஃபிளேர்களும் பட்டாசுகளும் திடலுக்குள் வந்து விழுந்தன. ஆட்டம் அத்தோடு கைவிடப்பட்டது. ஃபீஃபா அதைச் சவூதியின் 3-0 வெற்றியாக அறிவித்தது. நவம்பரில் ஐக்கிய அரபுச் சிற்றரசுகளுடன் நடந்த ஆட்டத்தை ரசிகர்களே இல்லாத காலி அரங்கில் ஆட வேண்டிவந்தது. தண்டனை கனமாக இருந்ததால் குற்றமும் அதே அளவு கனமானது என்று முடிவுகட்டிவிட்டோம். நான் அதை ஏற்கவில்லை.

அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் புக்கிட் ஜாலிலில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். 2010 டிசம்பர் 26, ஆசியான் சுசுகி கிண்ண இறுதிப் போட்டியின் முதல் ஆட்டம். நம் பயிற்றுநர் கே. ராஜகோபால். அதற்கு முந்தைய ஆண்டு லாவோஸில் சீ விளையாட்டுத் தங்கத்தை இருபது ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு மீட்டுத் தந்தவர். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தமிழர்கள் அந்த அணியைத் தங்கள் வீட்டு அணியாகவே கொண்டாடினார்கள். குணாளன் பந்தோடு ஓடும்போது எழுந்த ஆரவாரத்தில் நம் குரலும் இருந்தது. அதே அரங்கிலிருந்துதான் பச்சை லேசர் கதிர்கள் இந்தோனேசியக் கோல்காவலர் மார்க்குஸின் முகத்துக்குப் பாய்ந்தன. அரையிறுதியில் வியட்நாம் கோல்காவலருக்கும் இதே கொடுமைதான் நடந்திருந்தது. இரண்டாம் பாதியில் இந்தோனேசியர்கள் பொறுக்கமாட்டாமல் ஆட்டத்தை நிறுத்தினார்கள். சில நிமிடங்கள் கழித்து ஆட்டம் தொடர்ந்தது. அதன்பின் சாஃபி சாலி இரண்டு, அஷாரி சம்சுடின் ஒன்று என மூன்று கோல்கள். 3-0.

அந்த முடிவு அப்படியே நின்றது. ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்றாலும் மொத்தக் கணக்கில் 4-2. கிண்ணம் கோலாலம்பூருக்கு வந்தது, பிரதமர் டிசம்பர் 31ஐப் பொது விடுமுறையாக அறிவித்தார். லேசரைப் பற்றிய பேச்சு அந்தக் கொண்டாட்டத்தில் கரைந்துபோனது.

இந்த இரண்டு இரவுகளையும் எப்படி எடைபோடுவது? ஒரு செயலால் ஆட்டம் நின்றதா, நாட்டுக்கு அபராதம் வந்ததா என்பதை வைத்து அளந்தால் 2015தான் பெரிய பிழை. நான் வேறு விதமாக அளக்கிறேன். அடி யார்மீது விழுந்தது? அவர் அதற்குத் தகுந்தவரா? ஆட்டத்தின் போக்கையே திருப்பும் நோக்கம் அதில் இருந்ததா? லேசர் பாய்ந்தது தன் வேலையைச் செய்துகொண்டிருந்த ஒரு மனிதனின் கண்ணில். அவருக்கும் அடித்தவருக்கும் எந்தப் பகையும் கிடையாது. அடித்தவர் இருட்டில் ஒளிந்திருந்தார். பந்தைப் பார்க்கவிடாமல் செய்வது மட்டுமே நோக்கம். அது மோசடி, கண்ணுக்கு ஊறு விளைவிக்கக்கூடிய மோசடி.

லேசரால்தான் ஜெயித்தோமா என்றால், இல்லை என்றே சொல்வேன். ஜகார்த்தாவின் நெருப்பு போன்ற கூட்டத்துக்கு நடுவே, ஃபிர்மான் உத்தினாவின் பெனால்டியை கைருல் ஃபாமி தடுத்தார், அங்கேயும் சாஃபி கோல் போட்டார். அந்த அணி கிண்ணத்துக்கு முழுத் தகுதி உடையது. அதனால்தான் கோபம் இன்னும் கூடுகிறது. யாருடைய உதவியும் தேவைப்படாத ஓர் அணியின் வெற்றியில் கறை பூசியது நம் கூட்டமே. ராஜகோபாலின் சாதனையைப் பற்றி இந்தோனேசிய நண்பர்களிடம் பேசினால் அவர்கள் முதலில் லேசரைத்தான் இழுக்கிறார்கள். மறுக்க நமக்கு வாய் இல்லை.

இவ்விரண்டையும்விடக் கீழானது 2014 டிசம்பர் 7. ஷா ஆலமில் வியட்நாமிடம் 1-2 எனத் தோற்ற இரவில் வந்திருந்த விருந்தாளி ரசிகர்கள் தாக்கப்பட்டார்கள், காயமடைந்தார்கள். இதில் எடைபோட எதுவும் இல்லை. விளையாட்டமைச்சர் மன்னிப்புக் கேட்டது சரி, அது போதாது.

இனி 2015. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. ஐந்து நாளுக்கு முன் அபுதாபியில் 10-0 என்று தோற்றிருந்தோம். பயிற்றுநர் டோல்லா சாலே பதவி விலகினார், ஓங் கிம் சுவீ இடைக்காலப் பொறுப்பேற்றார். பயிற்றுநர்கள் மாறிக்கொண்டே இருக்க, மலேசியக் காற்பந்துச் சங்கத்தின் மேல்மட்டம் யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்கிறது என்பது ரசிகர் குழுவான அல்ட்ராஸ் மலாயாவின் ஆத்திரம். அந்த ஆத்திரம் எதிரணியின் மீதோ நடுவர் மீதோ பாயவில்லை. நம் நிர்வாகத்தை நோக்கியே எழுந்தது. ஆட்ட முடிவைத் தமக்குச் சாதகமாக வளைக்கும் ஆசையும் அதில் இல்லை. ஆகவே அறத்தின் தராசில் அது லேசரைவிட இலகுவானது.

இலகுவானது என்றாலும் குற்றம் குற்றம்தான். அன்றிரவு 70ஆம் நிமிடத்தில் சாஃபிக் ரஹிம் கோல் போட்டு மலேசியா முன்னிலை பெற்றிருந்தது. அடுத்த சில நிமிடங்களில் சவூதி இரண்டு கோல் போட்டது உண்மை. ஆனாலும் பத்து கோல் வாங்கிய அதே பிள்ளைகள் நிமிர்ந்து நின்று போராடிக்கொண்டிருந்தார்கள். நிர்வாகத்துக்கு என்று எறிந்த நெருப்பு அவர்கள் கால்மாட்டில் வந்து விழுந்தது. நெரிசலான படிக்கட்டில் புகையும் பீதியும் கிளம்பினால் என்ன ஆகும் என்பதை 2022இல் இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் அரங்கம் காட்டியது. அங்கே கண்ணீர்ப்புகையை எறிந்தது போலீஸ், ரசிகர்கள் அல்ல. ஆயினும் 135 உயிர்கள் போயின. ‘ஃபிளேர் இல்லாவிட்டால் யார் காதில் விழும்?’ என்ற வாதத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அரங்கு நிறைய வெற்று இருக்கைகள் இருந்திருந்தால் சங்கத்தின் காதில் விழுந்திருக்கும். டிக்கெட் வாங்காமல் வீட்டில் இருக்கும் உரிமை ரசிகனுக்கு எப்போதும் உண்டு.

நடுவர்களை எதிர்க்கும் விவகாரத்தையும் இதே தராசில்தான் வைக்கவேண்டும். ‘ரெஃப்ரி காயு!’ (மரக்கட்டை நடுவர்) என்று கத்தாத மலேசிய அரங்கம் கிடையாது. கத்தட்டும், அது ஆட்டத்தோடு பிறந்த சத்தம். நடுவரை நோக்கிய முறையீடுகளில் இரண்டு வகை உண்டு. 2010இல் இந்தோனேசியர்கள் ஆட்டத்தை நிறுத்தியது ‘எங்களைக் காப்பாற்றுங்கள்’ என்பதற்காக. அது நியாயம், திரும்பி வந்து ஆடவும் செய்தார்கள். 2017 சீ விளையாட்டில், கோலாலம்பூரின் தித்திவாங்சா அரங்கில் மலேசியாவோடு மோதிய இந்தோனேசிய மகளிர் செப்பாக் தக்ராவ் அணி, சர்வீஸ் பற்றிய நடுவர் தீர்ப்புகளை எதிர்த்து ஆட்டத்தைவிட்டே வெளியேறியது. ஒரு தீர்ப்பு பிழையாகவே இருந்தாலும், தீர்ப்பு பிடிக்காததற்காகக் களத்தைவிட்டுப் போவதை என்னால் ஆதரிக்க முடியாது. 1974 உலகக் கிண்ணத்தில் விசில் ஊதிய சிங்கப்பூரின் கோவிந்தசாமி சுப்பையாவைப் பெருமையோடு சொல்லும் சமூகம் நாம். விசில் பிடிப்பவர் தப்பும் செய்வார் என்பதையும் சேர்த்தே ஏற்கவேண்டும்.

அதற்கு ஈடாக நடுவர் தரப்பும் ஒன்று தரவேண்டும்: விளக்கம். என்பிஏ கூடைப்பந்து 2015 முதல், நெருக்கமாக முடியும் ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளில் எது சரி, எது தப்பு என்று அறிக்கை வெளியிடுகிறது. முடிவு மாறுவதில்லை, தப்பு மட்டும் ஒப்புக்கொள்ளப்படுகிறது. நம் சூப்பர் லீக்கும் ஒவ்வொரு சுற்றுக்குப் பின்னும் இதைச் செய்யட்டும்.

தண்டனையிலும் கூடைப்பந்திடம் கற்க ஒன்று உண்டு. அங்கே முன்வரிசை ரசிகருக்கும் ஆட்டக்காரருக்கும் இடையில் வேலி கிடையாது. 2004 நவம்பர் 19 அன்று டெட்ராய்ட் அருகே ஆபர்ன் ஹில்ஸில், ஒரு ரசிகர் எறிந்த பானக் கோப்பை இந்தியானா வீரர் ரான் ஆர்டெஸ்ட் மீது விழ, அவர் கூட்டத்துக்குள் பாய்ந்தார். ஆர்டெஸ்டுக்கு 86 ஆட்டங்கள் தடை, ஒன்பது வீரர்களுக்கு மொத்தம் 146. ஒரு ரசிகர் 30 நாள் சிறை போனார். இந்தியானாவின் 97-82 வெற்றி மட்டும் மாறவில்லை. செய்தவர்கள் பெயர் சொல்லித் தண்டிக்கப்பட்டார்கள். ஷா ஆலமில் தண்டனை அனுபவித்தது அணியும், ஒன்றும் செய்யாத ஆயிரக்கணக்கான ரசிகர்களும்.

பெரும் கூட்டத்தின் இருட்டில் ஒருவனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பார்கள். 2010இல் அந்தக் கேள்விக்கு அர்த்தம் இருந்தது. இப்போது பழைய ஷா ஆலம் அரங்கை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். ஒவ்வோர் இருக்கையும் ஒரு பெயரில் விற்கப்பட்டு, ஒவ்வொரு வரிசையும் கேமரா பார்வையில் இருந்தால், லேசர் அடித்தவனை அந்த இரவே வெளியேற்றலாம், அடுத்த பல ஆண்டுகளுக்கு வாசலிலேயே நிறுத்தலாம். இதைக் கட்டி முடித்த பிறகு பொருத்துவதைவிட இப்போதே திட்டத்தில் சேர்ப்பது மலிவு. சிலாங்கூர் அரசும் காற்பந்துச் சங்கமும் இதை இன்றே எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும்.