பதினைந்து நாளில் செய்த பயம்

மாசி மாதம் யட்டவத்தப் பக்கத்துத் தோட்டங்களில் காமன் கூத்து பார்த்தவர்களுக்கு வின்சென்ட் பிரைஸின் நடிப்பு மிகையாகவே தெரியாது. தப்பு முழங்க வீரபத்திரன் வருவார். பந்தத்தில் குங்கிலியப் பொடி விழுந்ததும் தீ குப்பென்று எழும்பி, பத்தடி தள்ளி நிற்பவர் முகத்திலும் அனல் அடிக்கும். காலையில் ரப்பர் பால் வெட்டப் போன அதே மனிதர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் பிள்ளைகள் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொள்வார்கள்.

ரோஜர் கோர்மன் இயக்கிய ‘தி பிட் அண்ட் தி பெண்டுலம்’ (1961) படத்தை நான் அந்தக் கண்ணால்தான் பார்க்கிறேன். பதினைந்து நாள் படப்பிடிப்பு, ஏறத்தாழ மூன்று இலட்சம் டொலர் செலவு. ஹொலிவூட் கணக்கில் அது சில்லறைக் காசு. எட்கர் அலன் போவின் சிறுகதை 1842இல் எழுதப்பட்டது. டொலேடோ நகரின் நிலவறையில் கட்டிப்போடப்பட்ட ஒருவனின் மேல் கூரிய ஊசல் ஆடி ஆடி இறங்கிவரும், அவ்வளவுதான் கதை. ஒன்றரை மணி நேரப் படத்துக்கு அது போதாது. ஆகவே திரைக்கதை எழுதிய ரிச்சர்ட் மெதிசன் போவின் கதையைக் கடைசிப் பகுதிக்கு வைத்துக்கொண்டு, முன்பகுதி முழுவதையும் தாமே கட்டினார். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயின், கடலோரக் கோட்டை. அதன் சொந்தக்காரன் நிக்கலஸ் மெதினாவாக வருபவர்தான் வின்சென்ட் பிரைஸ். அவனுடைய தகப்பன் மத விசாரணை மன்றத்துக்காக மனிதர்களை வதைத்தவன். வதைக் கருவிகள் இன்னும் நிலவறையில் இருக்கின்றன. நிக்கலஸின் இளம் மனைவி இறந்துபோக, அவளுடைய அண்ணன் காரணம் கேட்டு வந்து நிற்கிறான்.

மத விசாரணை மன்றம் நமக்கு அவ்வளவு தூரத்துச் சங்கதி அல்ல. கோவாவில் அது 1560இல் தொடங்கி, இடையில் சில வருடங்கள் தவிர, 1812 வரை நடந்தது. போர்த்துக்கேயர் ஆண்ட இலங்கைக் கரையோரமும் அதன் அதிகாரத்துக்குள்தான் இருந்தது. கண்டி அரசுக்குள் இருந்த நம்முடைய மாத்தளை மலைகளுக்கு அந்தக் கை எட்டவில்லை. ஆனால் இப்படியோர் ஊசலை அந்த மன்றம் பயன்படுத்தியதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை. படத்தில் காண்பது வரலாறு அல்ல, கெட்ட கனவு.

அந்தக் கனவைத் தச்சு வேலையால் செய்தவர் கலை இயக்குநர் டேனியல் ஹாலர். வேறு படப்பிடிப்புத் தளங்களில் மிஞ்சிக் கிடந்த வளைவுகளையும் படிக்கட்டுகளையும் தூண்களையும் சேர்த்து ஒரு கோட்டையையே எழுப்பினார். ஊசலை மட்டும் புதிதாகச் செய்தார்கள்: பதினெட்டு அடி நீளம், ஒரு தொன்னுக்கு மேல் பாரம், முப்பத்தைந்து அடி உயரத்திலிருந்து தொங்கல். முதலில் போட்ட ரப்பர் அலகு, அண்ணனாக நடித்த ஜோன் கெரின் உடம்பில் தட்டுப்பட்டு நின்றுவிட்டது. பிறகு உலோகப் பூச்சுள்ள கூரான அலகு போட்டு, அது உரசும் இடத்தில் கெரின் இடுப்பைச் சுற்றி இரும்புப் பட்டி கட்டினார்கள். அந்தக் காட்சியில் அவர் முகத்தில் தெரியும் வியர்வை நிஜமானது. ஊசல் இன்னும் வேகமாக ஆடுவதுபோலத் தெரிய, படச்சுருளில் ஒன்றுவிட்டு ஒரு பிரேமை எடுத்துவிட்டார்கள். அதனால்தான் அது வெட்டி வெட்டி இறங்குகிறது. பார்க்கிறவர் மூச்சும் அதோடு சேர்ந்து விட்டு விட்டு வருகிறது. காசு நிறைய இருந்திருந்தால் இந்த யோசனையெல்லாம் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து லயத்து முற்றத்தில் விடிய விடியப் படம் போட்ட காலத்தில் நாங்கள் பார்த்த ‘ஜகன்மோகினி’யும் (1978) இந்தச் சாதிதான். விறகுக்குப் பதில் பேய் தன் காலையே அடுப்பில் வைத்து எரிக்கும். அந்த ஒரு காட்சிக்காகவே அதை இயக்கிய விட்டலாச்சார்யாவை நான் பெரிய கலைஞர் என்பேன். ஓர் அடுப்பு, ஒரு கால், கொஞ்சம் நெருப்பு. மறுநாள் அடுப்படிக்குப் போகவே பிள்ளைகளுக்குப் பயம்.

பிரைஸுக்கு வருகிறேன். படத்தின் முக்கால்வாசி நேரம் அவர் நடுங்குகிறார், விம்முகிறார், புருவத்தை நெற்றியின் உச்சிக்கு ஏற்றுகிறார். இதை ‘ஓவர் அக்டிங்’ என்று ஒதுக்குகிறவர்கள் கடைசி இருபது நிமிடத்தைக் கவனிப்பதில்லை. மனம் உடைந்த நிக்கலஸ் தன்னைத் தகப்பனாகவே நினைத்துக்கொள்கிறான். முகம் அதேதான், ஆனால் நடுக்கம் நின்றுவிடுகிறது, முதுகு நிமிர்கிறது, குரல் அடித்தொண்டைக்கு இறங்குகிறது. அத்தனை நேரம் கொட்டிய மிகை இந்த ஒரு நிமிர்வுக்காகத்தான். நம் கூத்துக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். ரதியின் ஒப்பாரி நீள நீளத்தான் அடுத்து வரும் மௌனம் நெஞ்சை அடைக்கும்.

முன்பாதியில் சில இடங்கள் இழுக்கின்றன. மருத்துவர் பாத்திரம் மரக்கட்டைபோல நிற்கிறது. இருந்தும் கோர்மன் எடுத்த போ படங்களில் நான் முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

கடைசியில் நிலவறையைப் பூட்டிவிட்டு எல்லோரும் படியேறுகிறார்கள். அதற்குப் பிறகு கமரா ஒரு தடவை சட்டென்று திரும்புகிறது. எதைக் காட்டுகிறது என்று எழுதமாட்டேன். இராத்திரியில், லைட்டை அணைத்துவிட்டு, வீட்டில் நாலு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பாருங்கள். கதவு பூட்டியாயிற்றே என்று மட்டும் யாரும் எழும்பிவிடாதீர்கள்.