வட்டம் போல் தோன்றும் வட்டம்

அச்சிட்ட பக்கத்தில் சொற்களை வாசிக்கிறோம். எழுத்துகளின் உருவத்தை நோக்குவது அரிது. அவ்வாறு நோக்கத்தக்கதோர் உரோமன் அச்செழுத்து ‘ஃபியூச்சுரா’. ஜெர்மானிய ஓவியரும் அச்சுக்கலை ஆசிரியருமான பவுல் ரென்னர் இதனை வரைந்தார். பிராங்பர்ட் நகரின் பவுவர் எழுத்து வார்ப்பகம் 1927-இல் வெளியிட்டது. வட்டம், முக்கோணம், சதுரம் ஆகியவையே இதன் அடிப்படை. மரபான எழுத்துகளின் முனைகளில் காணும் சிறு குறுக்குக் கோடுகள் இதில் இல்லை.

கவராயமும் அளவுகோலும் ஈன்றெடுத்த எழுத்து இது என்பர் சிலர். அதுவே இதன் குளிர்ச்சிக்குக் காரணம் எனக் குறை கூறுவர் வேறு சிலர். இரு சாராரும் இன்னும் சற்றுக் கூர்ந்து நோக்கலாம் என்பது நம் கருத்து.

ரென்னரின் தொடக்க வரைவுகளில் வடிவியலின் ஆட்சி மிகுந்திருந்தது. ‘ஆர்’ என்னும் சிற்றெழுத்து, ஒரு கோடும் அதனருகே தனித்து நிற்கும் ஒரு புள்ளியுமாய் அமைந்தது. வாசிப்போரை மலைக்க வைத்த இத்தகைய வடிவங்கள் பின்னர்க் கைவிடப்பட்டன. எஞ்சியவற்றிலும் நுண்ணிய திருத்தங்கள் பல. வளைகோடு நேர்கோட்டைச் சேரும் இடத்தில் மெலிகிறது. இல்லையேல் அவ்விடம் கறுத்துத் தடித்துத் தோன்றும். ‘ஏ’ என்னும் பேரெழுத்தின் கூர்முனை ஏனைய எழுத்துகளைவிடச் சற்றே மேலெழுகிறது. இல்லையேல் அது குட்டையாகத் தோன்றும். பேரெழுத்துகளின் அகல வேறுபாடோ பண்டைய உரோமக் கல்வெட்டுகளை ஒத்தது. கணக்கு கண்ணுக்குப் பணிந்ததால் பிறந்த அழகு இது. விதியை அறிந்தவரே, அதனை எங்கே தளர்த்த வேண்டும் என்பதையும் அறிவார் அன்றோ?

வாழ்விலும் அவர் அத்தகையவரே. நாத்சிகளின் பண்பாட்டுக் கொள்கையைக் கண்டித்து 1932-இல் ஒரு நூல் எழுதினார். 1933-இல் கைது செய்யப்பட்டு, மியூனிக் நகர அச்சுக்கலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பையும் இழந்தார்.

எனினும் இவ்வெழுத்தின் குறையை மறைப்பதற்கில்லை. இதன் ‘ஏ’ என்னும் சிற்றெழுத்து, ஒரு வட்டமும் ஒரு கோடும் மட்டுமே, ‘ஓ’ அவ்வட்டமே. சில வரிகளில் இவ்வொற்றுமை இனிமை பயக்கும். பல பக்கங்கள் நீளும்போது கண் சோர்வுறும். சுருங்கிய அறிவிப்புகளுக்கே இது தகும். 1969-இல் நிலவில் இறங்கிய அப்பொல்லோ 11 கலம் அங்கே விட்டுவந்த உலோகத் தகட்டின் வாசகம் இவ்வெழுத்திலேயே பொறிக்கப்பட்டது. சில வரிகளே கொண்ட அச்செய்திக்கு இதனினும் பொருத்தமான எழுத்தை எண்ணிப் பார்த்தல் கடினம்.

புதுமையாய்த் தோன்ற வேண்டும் என்பதற்காகவே நெடிய நூல்களையும் இதில் அச்சிடுவோர் உளர். வாசிப்பவருக்காகத் தம் வட்டத்தையே திருத்திக்கொண்டவர் ரென்னர். அவர் எழுத்தைக் கையாள்வோர்க்கும் அப்பரிவு வேண்டும்.